வாய் கட்டிய படகு

ஏற்காடு ஏரிக்கரையில் சுற்றுலா வரும் பிள்ளைகளுக்கு ரிமோட் படகு வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள் மைமூன். எதையும் இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லாதவள். புதுப் படகு ரிமோட்டுக்கு அடங்காமல் ஓடியதும் சேலத்துக் கடைக்காரரைப் போனில் பிடித்தாள்.

"மோட்டார் நாய்ஸைக் கொறைங்கக்கா, சொன்ன பேச்சு கேக்கும்."

"அவ்வளவுதானுங்களா?" என்று போனை வைத்துவிட்டாள். கிரீஸ் தடவி, ஸ்பாஞ்சு சுற்றி, மோட்டாரின் சத்தத்தையே அடக்கினாள்.

படகு சத்தமில்லாமல் நடு ஏரிக்குப் போனது, திரும்பவில்லை. மறுபடி கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"காதுக்குக் கேக்கற சத்தம் இல்லீங்க! மோட்டாருக்குள்ள பறக்கற பொறி சிக்னலைக் கெடுக்குது. அதை அடக்க கண்டென்சர்னு சின்ன பார்ட் ஒண்ணு மோட்டார்ல சால்டர் வெச்சுப் பத்த வெக்கோணும்."

அதற்குள் பனிமூட்டம் ஏரியை மூடியது. மைமூன் ரிமோட்டை அழுத்தியபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முன்பானால் படகு இருக்குமிடத்தைச் சத்தமாவது சொல்லும். அதன் வாயைத்தான் அவளே கட்டிவிட்டாளே.