நேர்ச்சை நீலம்

மர்சலின் டீச்சர் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவள். மாதாவிடம் மட்டும் ஒரே ஒருமுறை கேட்டாள். கேட்டது கிடைத்தது, அதுதான் வினையாகப் போயிற்று.

சாந்தோமில் கடல்காற்று நேரே வந்து அறைகிற ஒரு சந்தில் அவளுடைய அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு. அதில் மர்சலினும் தம்பி லியோனார்டும் இருந்தார்கள். அவள் கன்னியர் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், அவன் துறைமுகத்தில் குமாஸ்தா. தம்பிக்குக் கல்யாணமாகி, நாற்பத்திரண்டாம் வருஷம் பிப்ரவரியில் நோரா பிறந்தாள். இரண்டே மாசத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. அந்த அமளியில்தான் பிள்ளை பெற்ற ஃப்ளோரா ரத்தமாக இருமினாள். காசம் என்றார் டாக்டர். அவளை மதனப்பள்ளி ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றிவிட்டு, கைக்குழந்தையை அக்காவின் மடியில் போட்டுவிட்டு, லியோனார்ட் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அந்தச் சமயம் மர்சலினுக்குத் தூத்துக்குடியில் ஒரு சம்பந்தம் பேசி, முடிகிற கட்டத்தில் இருந்தது. கைக்குழந்தையோடு வருகிற பெண் எங்களுக்குத் தோதுப்படாது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். "போனா போகட்டும்" என்று மர்சலின் பால்புட்டி கழுவப் போய்விட்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். அழுவதற்கு அவளுக்கு எங்கே நேரம்?

பிள்ளைக்கு ஒரு வயசு நிறையுமுன் தொண்டை அடைப்பான் கண்டது. மூச்சு இழுக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். மர்சலின் வெறுங்காலோடு லஸ் மாதா கோயிலுக்கு ஓடினாள். "தாயே, இதை எனக்கு விட்டுடு. ஏழு வயசு முடியற வரைக்கும் உன் கலரைத் தவிர வேற கலர் இது உடம்புல படாது" என்று முட்டிபோட்டு நேர்ந்துகொண்டாள். மாதாவின் கலர் என்றால் நீலமும் வெள்ளையும். கெடு முடிகிற அன்று கடைசி நீல உடுப்பைப் பீடத்தடியில் வைத்து, இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். அன்றோடு கணக்குத் தீர்ந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. பிழைத்த நாளிலிருந்து ஒரே நீலம். கவுன் நீலம், ரிப்பன் நீலம், போர்வைகூட நீலம். ஈஸ்டருக்கு மற்ற பிள்ளைகள் ரோஸும் மஞ்சளுமாகக் கோயிலுக்கு வர, நோரா மட்டும் பள்ளிக்கூடத்து மைப்புட்டி போல வந்து நிற்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சிவப்பு ரிப்பனை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்துவிட்டாள். மர்சலின் பிள்ளையின் கையிலேயே ஓர் அடி போட்டாள்.

"மாதா கோவிச்சுக்குவா! மறுபடியும் தொண்டை அடைச்சுக்கும், தெரியுமா?"

அதற்கப்புறம் சிவப்பைக் கண்டாலே பிள்ளை தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். சின்னப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? ஆனால் மர்சலினிடம் யார் போய்ச் சொல்வது? நோரா அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் இருந்தவள் மதனப்பள்ளி அம்மா.

அந்த மதனப்பள்ளி அம்மா நாற்பத்தெட்டாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு, நோய் முழுசாகக் குணமாகி, நடந்தே வீட்டுக்குள் வந்தாள். லியோனார்ட் தேனாம்பேட்டையில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தான். பிள்ளை யாரோடு என்பதுதான் கேள்வி. ஃப்ளோராவுக்கு அவள் பெற்ற பிள்ளை வேண்டும். மர்சலினுக்கு அவள் வளர்த்த பிள்ளை வேண்டும். லியோனார்ட் என்ன சொன்னான் தெரியுமா? "பிள்ளையையே கேட்டுடுவோம். பொறந்தநாள் அன்னிக்கு அது வாயால சொல்லட்டும்." ஆம்பளை எடுக்கவேண்டிய முடிவை ஏழு வயசுப் பிள்ளையின் தலையில் கட்டினான், மகராஜன்.

"நான் இவ பொறந்தநாளை ஒருதரம்கூடப் பார்த்ததில்லக்கா. வாசல்ல பலூன் வளைவு வச்சுக் கொண்டாடலாமா?" என்று ஃப்ளோரா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நானே கட்டறேன்" என்றாள் மர்சலின். வேறு யாரையும் கட்ட விடுவாளா?

நோராவைக் கூட்டிக்கொண்டு ஜாம்பஜாரில் ஹாஜிரா பீ கடைக்குப் போனாள். கலர் காகிதம், ஜிகினா, பலூன் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். ஹாஜிரா பீ முறத்தில் பலூன்களைக் கொட்டினாள்.

"நீலமும் வெள்ளையும் எடுங்க" என்றாள் மர்சலின்.

"இன்னா டீச்சரம்மா, எல்லா கலரும் கீதே! பொறந்தநாளு உனுக்கா, கொயந்தைக்கா? அத்த கேளு."

நோரா முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. பிறகு மெதுவாக, "அம்மா, பலூன் உடம்புல படாதில்ல?" என்று கேட்டாள்.

மர்சலின் பையிலிருந்து காசை எடுத்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பிள்ளை முறத்தில் விழுந்தது. சிவப்பு, மஞ்சள், ரோஸ், பச்சை, ஆரஞ்சு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டது. அப்படிச் சிரித்து மர்சலின் பார்த்ததே இல்லை.

"நீலம் எடுக்கலியாடி?"

"நீலம் வேண்டாம்."

கேட்டவளுக்குச் சுருக்கென்றது. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்தாள். பிள்ளை திரும்பிய நேரம் பார்த்து, ஒரு கைப்பிடி நீலப் பலூனையும் பொட்டலத்தில் போடச் சொன்னாள்.

பிறந்தநாள் காலையில் மூங்கில் பிளாச்சை வளைத்து வாசலில் நட்டு, பலூன்களை ஊதிக் கட்டினாள். உச்சியில் பார்த்து நீலத்தைக் கொத்தாகக் கட்டினாள். உள்ளே நோரா ரிப்பன் எடுக்க அலமாரியைத் திறந்தவள், மடித்து வைத்திருந்த புதுக் கவுனைக் கண்டாள். நீலம். எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள். கணுக்கால் வரை வந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இது யாருக்கும்மா?"

"உனக்குத்தான். அடுத்த வருஷத்துக்கு."

"நேர்ச்சை இன்னியோட முடிஞ்சுதுன்னு மதனப்பள்ளி அம்மா சொன்னாங்களே?"

"அவளுக்கு என்ன தெரியும்? நேர்ந்துகிட்டவ நானா, அவளா? இன்னும் இருக்கு. கழட்டினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

பச்சைப் பொய். மாதாவிடம் சொன்ன கெடு மர்சலினுக்கா மறக்கும்? ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி என்று விரல்விட்டு எண்ணியவள் அவள். நீலம் இருக்கிறவரை பிள்ளை தன் பிள்ளை என்று ஒரு கிறுக்கு அவள் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நோரா அண்ணாந்து வளைவின் உச்சியைப் பார்த்தாள். கவுனைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கேக் வெட்டி, வந்த பிள்ளைகளெல்லாம் போன பிறகு, லியோனார்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டான்.

"நோராக் கண்ணு, அப்பாவும் அம்மாவும் தேனாம்பேட்டைக்குப் போறோம். நீ எங்ககூட வரியா, இங்கேயே இருக்கியா?"

ஃப்ளோரா தரையைப் பார்த்தாள். மர்சலின் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏழு வருஷம் ராத்திரி பகலாகப் பார்த்த பிள்ளை, இரண்டு மாசம் முன்னால் வந்தவளோடு போய்விடுமா என்ன?

பிள்ளை ஃப்ளோராவைத்தான் கேட்டது. "அங்க வந்தா நீலம் போடணுமா?"

"வேண்டாம்டா தங்கம். உனக்கு என்ன கலர் புடிக்குதோ அதைப் போட்டுக்கோ."

"அப்ப அங்க வரேன்."

மர்சலின் எழுந்து பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இங்கேயும் வேண்டாம்டி ராஜாத்தி! நேர்ச்சை முடிஞ்சுபோச்சு. இன்னியோட முடிஞ்சுபோச்சு. காலையில அம்மா பொய் சொன்னேன். சிவப்பு தைச்சுத் தரேன், ரோஸு தைச்சுத் தரேன்."

எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள். மானத்தைப் பார்த்தாளா? பார்க்கவில்லை. ஆனால் நோரா கையை உருவிக்கொண்டு தொண்டையைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல, மாதா இங்கதானே இருக்கா. கழட்டினா கோவிச்சுக்குவா. அடைச்சுக்கும்."

எவ்வளவு சொல்லியும் அது நம்பவில்லை. எப்படி நம்பும்? இத்தனை வருஷமாக உருவேற்றியது ஒரு சாயங்காலத்தில் போய்விடுமா? பொய்யை நம்பிய பிள்ளை, பொய் என்று அவள் சொன்ன உண்மையை நம்ப மறுத்துவிட்டது. லியோனார்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஃப்ளோராதான் பாவம், ஜெயித்த முகமாக இல்லாமல், நாத்தனாரின் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். மர்சலின் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் லஸ் கோயிலுக்குப் போய், அந்தப் பெரிய கவுனைப் பீடத்தடியில் வைத்தாள். பிள்ளை போட்டுக் கழற்றியதைத்தான் வைக்கவேண்டும். இது ஒருநாள்கூடப் போடாதது. மாதாவிடம் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

மாசக் கடைசியில் சாமான் ஏற்ற வண்டி வந்தது. ஃப்ளோரா பிள்ளைக்கு மஞ்சள் கவுன் வாங்கிப் போட்டிருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, வண்டியில் ஏறுமுன் பிள்ளை ஓடிவந்து, "போயிட்டு வரேன் அத்தை" என்று முத்தம் கொடுத்தது. மர்சலின் சரியென்று தலையை ஆட்டினாள்.

வண்டி சந்து திரும்புகிறவரை நோரா கையாட்டிக்கொண்டே போனாள். தையல் டீச்சரின் கண் சும்மா இருக்குமா? அந்த நிறத்துக்கு மஞ்சள் அவ்வளவு பொருந்தியிருந்தது. நீலம் ஒருநாளும் அப்படிப் பொருந்தியதில்லை என்பது மர்சலினுக்கு அப்போதுதான் தெரிந்தது.