பம்பாய்க்கு மூன்று மணி நேரம்

ஒரே ஒரு ஊரிலே விமானமே இறங்காதாம். ஆனாலும் அந்த ஊரிலே விமான டிக்கெட் விற்க ஒரு கடை இருந்ததாம். ஊர் சேலம், கடையில் உட்கார்ந்திருந்தவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, உண்மையைச் சொல்லிவிட்டுத் திருடன் போல விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்குக் குரலும் சன்னம். மெதுவாகப் பேசுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

காணாமல் போன மைல்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ராசிபுரத்திலிருந்து ஒரு நெசவுக்காரர் வந்தார். அவருடைய தங்கை மகன் வியாழக்கிழமை மதியம் பம்பாயில் ஏடனுக்குக் கப்பல் ஏறுகிறான்; திரும்பி வர ஐந்து வருஷம் ஆகும். செய்தி அன்றுதான் கிடைத்ததாம். அதற்குள் தங்கை மகனைப் பார்த்தாக வேண்டும். ரயிலில் போனால் கப்பல் போன பிறகுதான் சேரலாம். ராத்திரி வண்டியில் மெட்ராஸ் போய், மறுநாள் விமானம் ஏறினால் உண்டு.

மெட்ராஸிலிருந்து பம்பாய் ரயிலில் ஏறக்குறைய எண்ணூறு மைல், ஆகாயத்தில் அறுநூற்றுச் சொச்சம், மூன்று மணி நேரம் என்றேன். அவர் முகம் மாறியது. ரயில் வளைந்து போகும், விமானம் நேரே போகும் என்று சுவரிலிருந்த படத்தில் இரண்டு நூல் வைத்துக் காட்டினேன். இரண்டையும் வாங்கி நீவி நீவி அளந்தார். பிறகு கேட்டார்: "படம் ஆரு போட்டதுங்க? டிக்கெட் விக்கறவங்கதானுங்களே?"

எதிர்க்காற்று

அரை மணி கழித்து வேறொருவர் வந்தார். ஊர் பேர் சொல்லாமல், பம்பாய்க்கு எவ்வளவு நேரம் என்றார். மூன்று மணி என்றேன். "காத்து எதுத்து அடிச்சா?" கொஞ்சம் கூடலாம் என்றேன். உடனே வாசலைப் பார்த்துக் கை தட்டினார். தூணுக்குப் பின்னாலிருந்து முன்பு வந்த நெசவுக்காரர் வெளியே வந்தார். கை தட்டியவர் அவருடைய தங்கை புருஷன், பையனின் அப்பா.

"உங்ககிட்ட மூணுன்னான் மச்சான். எங்கிட்ட கொஞ்சங் கூடும்ங்கறான். நாளைக்கு ஆகாசத்துல ஏத்தி உட்டுட்டு என்ன சொல்லுவானோ."

ஏறாதவன்

இருவரையும் விலக்கிக்கொண்டு பையனின் அம்மா உள்ளே வந்தார். மைல் கேட்கவில்லை, மணி கேட்கவில்லை. "நீ அதுல ஏறியிருக்கறயா சாமி?" என்றார்.

"இல்லைங்கம்மா."

ஆண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வியாபாரம் போயிற்று என்று டிக்கெட் புத்தகத்தை மூடினேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்றவனா இருந்தா ஏறியிருக்கறேன்னு சொல்லியிருப்பான். எனக்கும் இவுங்களுக்கும் எழுது சாமி. நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் எங்கண்ணன் உன்னப் பாத்துக்கிட்டு இங்கயே உக்காந்திருக்கட்டும்."

காவல்

அண்ணன் உட்கார்ந்தார். நான் டீ குடிக்கப் போனால் கூடவே வந்தார். கடை மூடினால் என் வீடு வரை வந்து, வாசலைப் பார்த்து வைத்துக்கொண்டு போனார். காலையில் எனக்கு முன்பே கடைப் படியில் இருந்தார்.

வியாழக்கிழமை காலை தந்தி வந்தது. விமானம் கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், பையனைப் பார்த்தாயிற்று. நான் படித்துச் சொன்னது அண்ணனுக்குப் போதவில்லை. எதிர் மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரும் அதையேதான் படித்தார். பையனைப் பார்த்த இடம் வந்ததும் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு விரல்விட்டு எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். என்னிடம் திரும்பி வந்தார்.

"மூணே காலு மணி ஆயிருக்குதுங்க தம்பி. நான் அப்பவே நெனச்சேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் ராசிபுரம் பஸ்ஸுக்கு நடந்தார். நான் விற்ற முதல் விமான டிக்கெட்டுக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம் அவ்வளவுதான்.