டாக்டரம்மா சொன்ன ‘உதவலாம்’

தையற்காரரின் தங்கை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். தேன் ஒழுகும் குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த ரயில், எந்த நடைமேடை என்று கணீரென்று, ஓரெழுத்து சிதறாமல் காதில் விழும். நிலையச் சீருடைகளைத் தைத்துத் தரும் அண்ணன், துணிக்கட்டோடு வரும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவரிடம், “பேசுறது நம்ம வீட்டுப் பொண்ணு” என்று சொல்லாமல் நகர மாட்டார்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா; வாயில் வைத்து மருந்தை உள்ளிழுக்கும் இன்ஹேலர் பம்ப் ஒன்று வைத்திருந்தாள். வேலை பார்ப்பதோ ஜன்னல் இல்லாத அறை. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்று தெரிந்ததும் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். நுரையீரலுக்குள் இருக்கும் அழற்சி தணியவும் அது உதவலாம் என்றார்.

தங்கைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மருந்துதானே கெடுதல், இது சத்தாயிற்றே! போதாக்குறைக்கு, ஒருநாள் மைக்கை அணைக்க மறந்து இன்ஹேலர் பம்பை அழுத்தியதில் ‘புஸ்’ஸென்று நிலையமே கேட்டுவிட்டது. பாம்பு வளர்க்கிறாயா என்று கூட வேலை செய்பவர்கள் ஓட்டித் தள்ளினார்கள். தினமும் இழுக்க வேண்டிய பம்பைத் தங்கை கைகழுவினாள்.

சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, நடைமேடை எண்ணைச் சொல்லும்போதே குரல் அறுந்தது. கீழே நின்ற அண்ணன் துணிக்கட்டைப் போட்டுவிட்டு மேலே அறிவிப்பு அறைக்கு ஓடினார். முதலுதவி அறையில்தான் அவளுக்கு மூச்சு சீரானது. இன்னொரு முறை இப்படி ஆனால் பார்சல் பிரிவுக்கு மாற்ற வேண்டிவரும் என்றார் நிலைய அதிகாரி. அவர் மிரட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

டாக்டரம்மா திட்டவில்லை.

“ரயில் தாமதமா வரலாம்னு நீங்க சொன்னா, யாராச்சும் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போவாங்களா?”

“மாட்டாங்க.”

“நான் சொன்னதும் அந்த ‘லாம்’தான். ஆராய்ச்சியில ஒருத்தர் உதவுதுங்கிறார், இன்னொருத்தர் இல்லைங்கிறார். குறைஞ்ச சத்தை நிரப்பிக்கோங்க. பம்பை மட்டும் விட்றாதீங்க.”

கூட வந்திருந்த அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. தங்கை முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

அடுத்த மாதம் நிலைய அதிகாரிக்குப் புதுக் காற்சட்டை. அண்ணன் அவர் இடுப்பில் நாடாவைச் சுற்றும்போது ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. ரயில் வழியில் நின்று போகும் ஊர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. எங்கும் தடங்கலில்லை.

“உங்க தங்கச்சி இங்கேயே இருக்கட்டும்” என்றார் அதிகாரி.

அண்ணன் தலையாட்டினார். அளவு மறந்துபோயிருந்தது, நாடாவை மறுபடி சுற்றினார்.