சுவர்களுக்கு டேப் ஒட்டிய எங்கள் அக்கா

அக்கா இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு வருடம் போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருடைய வீட்டுச் சுவரிலும் கூரைத்தட்டிலும் அவருடைய கைபட்டிருக்கிறது. அதனால் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும்போது அவர் செய்த வேலையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

டயகமவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். அவருக்குப் பிறகு நான் ஒருத்திதான். சாதாரணதரப் பரீட்சை வரை படித்துவிட்டு, அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போனார். படிப்பு நின்றதைப் பற்றி அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை. அட்டைக் கடியைப் பற்றி மட்டும் தாராளமாகக் குறை சொல்வார்.

கொட்டகலையைச் சேர்ந்த அத்தானுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் கொழும்பில் சுவருக்கும் கூரைத்தட்டுக்கும் ஜிப்சம் பலகை அடிக்கும் வேலை பழகி, ஊருக்கு வந்து சொந்தமாக வேலை எடுத்தவர். பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் கடதாசி டேப் ஒட்டி, அதன் பிறகுதான் மேலே பூச்சுப் பூச வேண்டும். ஒட்டாமல் பூசினால் இணைப்பு நெடுகக் கோடு விழுந்துவிடும். டேப்பைப் பிடிக்க வைக்கும் வெள்ளைக் கலவைக்கு எங்கள் வீட்டில் 'மா' என்றே பெயர். தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் அக்காவும் போய் மா குழைத்துக் கொடுப்பார்.

கினிகத்தேனையில் ஒரு முதலாளி தன் கடைக்கு மேலே விருந்தினர் அறைகள் கட்டினார். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அங்கேதான் தங்குவதாக இருந்தது. பலகை எல்லாம் அடித்து முடித்த நிலையில், மழையில் நனைந்திருந்த படியில் அத்தான் வழுக்கி விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டார். முதலாளி நல்லவர்தான்; ஆனால் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாதே. வேறு ஆட்களைப் பார்க்கட்டுமா என்று கேட்டு அனுப்பினார்.

"நான் போய் முடிச்சுக் குடுக்கிறேன்ங்க" என்றார் அக்கா.

"நீ சாரத்துல ஏறி நிப்பியா? பாக்கிறவங்க என்னைய என்ன சொல்லுவாங்க?"

"புருசனுக்குக் கை ஒடஞ்சிருச்சு, சம்சாரம் வேலைக்கு வந்திருக்குன்னு சொல்லுவாங்க. உண்மைதானே அது."

அத்தான் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அப்ப நானும் வாறேன். கதிரையைப் போட்டு உக்காந்துக்கிறேன்" என்றார்.

ஹட்டனில் நான் வேலை செய்த கடையில் லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். நான் மா குழைத்தேன். அக்கா சேலையை இழுத்துச் செருகி, அத்தானின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினார். இணைப்பின் மேல் மாவை இழுத்து, டேப்பை வைத்து, தகட்டால் அழுத்திக்கொண்டே போனார். சாயங்காலத்துக்குள் ஓர் அறை முழுவதும் முடிந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் ஒரே பெருமை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் டேப் இடத்துக்கு இடம் உப்பி நின்றது. அக்கா விரலால் தட்டிப் பார்த்தார். உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளி மேலே வந்தார். அவர்கள் சிங்களத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"பூச்சுக்கு ஆட்களை வரச் சொல்லவா?" என்று கேட்டார் முதலாளி.

"இந்த அறைக்கு வேண்டாம் முதலாளி. அடியில் மா கம்மியாக வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் உரிக்க வேண்டும்."

"மேலே பூசிவிட்டால் தெரியாதே."

"இன்றைக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்காரர்கள் இருக்கும்போதே வெடித்துவிடும்."

முதலாளி சுவரையும், மாவைக் காயவிடாமல் வெளியே நின்ற பனியையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, மற்ற அறைகளை முதலில் முடியுங்கள். இதைக் கடைசியில் பூசிக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. அத்தான் கதிரையில் இருந்தபடியே, "மாவ நெறைய வையி. டேப்ப நடுவுல அமுக்கி ரெண்டு பக்கமும் தள்ளிக்கிட்டே போ. மிஞ்சுறது தானா வெளிய வரும்" என்றார்.

"இத நேத்தே சொன்னா என்னவாம்?"

"நேத்து நீ எங்க கேட்ட? ஏறுனவ எறங்கவே இல்லையே."

இருவரும் சிரித்துவிட்டார்கள். உப்பிய டேப்பை நானும் அக்காவும் உரித்துச் சுரண்டிவிட்டு, அத்தான் சொன்னபடி திரும்ப ஒட்டினோம். இந்த முறை ஒன்றும் உப்பவில்லை. கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். அங்கே அத்தான் கட்டுப்போட்ட கையோடு, சுவரைப் பார்த்தவர்களிடமெல்லாம், "டேப் வேலை எங்க வீட்டம்மா பாத்தது" என்று தாமாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு அக்கா கொழுந்து எடுக்கப் போகவில்லை. அத்தானின் கை குணமானாலும் தலைக்கு மேலே முழுதாக உயரவில்லை. அவர் ஆட்களை வைத்துப் பலகை அடிக்க, அக்கா பின்னால் டேப் ஒட்டிக்கொண்டே வருவார். நுவரெலியா விடுதிகள், ஹட்டன் கடைகள், தோட்டங்களில் எழும்பிய புது வீடுகள் என்று இருவரும் ஒன்றாகவே போய் வந்தார்கள். பூச்சுக்கு முன்பு டோர்ச் வெளிச்சத்தைச் சுவரோரமாகப் பிடித்து ஒவ்வோர் இணைப்பையும் அக்கா பார்ப்பார். அவர் தலையாட்டாமல் பூச்சுக்காரர் கரண்டியை எடுக்க மாட்டார். லயத்துத் தோழி செல்வியையும் பிறகு கூடச் சேர்த்துக்கொண்டார். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது இரண்டு பெண்களும் பேசுகிற பேச்சுக்கு அத்தான் முன் ஆசனத்துக்கு ஓடிவிடுவார்.

கடைசி மாதங்களில் இருதய நோயால் அக்கா படுக்கையில் இருந்தார். வலி குறைந்த நாட்களில் கூரைத்தட்டைப் பார்த்தபடி படுத்திருப்பார்.

"ஏங்க, அந்த மூலையில டேப் ஒட்டுனது நானா நீங்களா?"

"நான்தான்."

"அதான் கோணலா இருக்கு."

அத்தான் தேத்தண்ணியை ஊதிக் கொடுத்துக்கொண்டே, "எழும்பி வந்து நேராக்கு" என்பார். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அத்தான் பக்கத்தில் இருக்கும்போதே அக்காவின் உயிர் பிரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய ஆட்டோத் தம்பிமாருக்கும், அக்காவை அன்பாகப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், கினிகத்தேனையிலிருந்து குடும்பத்தோடு வந்து நின்ற முதலாளிக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. செல்விக்குத் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், இருந்தாலும் சொல்கிறேன். அத்தானை மறுபடி வேலைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான்.

இன்று பந்தி போட்டிருக்கிறோம். சாப்பிடாமல் யாரும் போய்விடாதீர்கள். அக்கா இருந்திருந்தால் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருப்பார்.

அன்புத் தங்கை