முழித்திருந்தால் போதுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்குப் பின்மண்டையில் நல்ல அடி. அடித்தது நான் இல்லை — இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசகிகள் சிலர் அவசரப்பட்டு வாழ்த்து அனுப்பிவிடக்கூடும்.

புன்னைக்காயலில் என் கல்லூரித் தோழி பிலோமி வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் கணவர் மிக்கேல் புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிப் படகை மந்திரித்தார். மதியம் விருந்து. அதற்குள் படகில் ஏறி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் ஆசை. என்னவருக்கும்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போதுதான்... ஈரமான படகு, புதுச் செருப்பு. கால் வழுக்கி, பின்மண்டை படகின் விளிம்பில் மோதி, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். ரத்தம் இல்லை. மயக்கம் இல்லை. தடவிப் பார்த்தால் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவரே எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு வீடு வரை நடந்து வந்தார்.

"அண்ணாச்சிய தூங்க மட்டும் விட்டுராதீய" என்றார் மிக்கேல்.

அவ்வளவுதான். வீட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பிலோமி துணியில் ஐஸைச் சுற்றி வீக்கத்தில் வைத்தாள். யாரோ கடுங்காப்பி கொண்டுவந்தார்கள். மிக்கேலின் அண்ணன் எதிரே உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"ஒங்க பேரு என்ன அண்ணாச்சி?"

"சண்முகம்."

"கல்யாணம் ஆகி எத்தன வருசம்?"

"நெனவு இல்லையே..."

கூட்டம் பதறிவிட்டது. "அது அவருக்கு நல்லா இருக்கும்போதே தெரியாது" என்று நான்தான் சமாதானப்படுத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. காரணம், அந்த முற்றத்தில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த, வெளியில் சொல்ல அவர் விரும்பாத ஒரு விஷயம். என் கணவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். ஷேவ் பண்ணும்போது கீறினால்கூட ரத்தம் நிற்க நேரமாகும். "தலையில அடி கிடி பட்டா, நல்லாத்தான் இருக்குன்னு வீட்ல இருந்துராதீங்க. உடனே வாங்க" என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார்.

வெளியே ரத்தம் வரவில்லை, சரி. உள்ளே?

"ஏங்க, கெளம்புவோம். ஆஸ்பத்திரில ஒரு தடவ காட்டிருவோம்" என்றேன்.

"ஏளா, நான் நல்லாத்தான இருக்கேன்? பேசுதேன். காப்பி குடிக்கேன். தூங்கக்கூட இல்ல. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?"

துறைமுகத்தில் கண்டெய்னர்களை அனுப்பிவைக்கும் வேலை அவருக்கு. நாள் முழுவதும் யாராவது அவசரப்படுத்திக்கொண்டே இருப்பார்கள். அதனாலேயே வீட்டில் யார் அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார்.

"சாப்ட்டுட்டுப் போங்க ளா. பந்தி போட்டாச்சு. நாங்க இத்தன பேரு பாத்துக்கிட்டுத்தான இருக்கோம்?" என்றாள் பிலோமி. அவள் முகத்தில் வருத்தம். விருந்துக்குக் கூப்பிட்டவள், பாவம்.

உண்மைதான். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், பாசமாக, கண் கொட்டாமல். ஆனால் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? தூங்குகிறாரா, இல்லையா என்பதை மட்டும். தூங்காமல் இருந்தால் ஆபத்து இல்லை என்று அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். என் கணவர் எல்லோருக்கும் முந்தி.

இனி கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்தது. செல்போனைக் கையில் எடுத்தேன்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நம்ம கார்ல வாரியளா, ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமா? சைரன் போட்டுக்கிட்டு கோயில் வழியாத்தான் வரும். ஊரே வந்து பாக்கும்."

என்னை ஒரு முறை முறைத்தார். நான் நம்பரைத் தேட ஆரம்பித்தேன். எழுந்து காரை நோக்கி நடந்தார்.

கார் ஓட்டியது நான். ஆத்தூர் தாண்டியதும் கண்ணை மூடினார். எனக்கு உயிரே போய்விட்டது. நானும் அதே ஊர் நம்பிக்கையில் வளர்ந்தவள்தானே? ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையால் அவர் தொடையில் கிள்ளு. "தூங்காதீங்க... ஏதாவது பேசுங்க."

"தல வலிக்கு ளா. கொஞ்சம் சும்மா இரி."

தலைவலி — அதுவரை சொல்லாத வார்த்தை. பழையகாயல் தாண்டியதும் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தார். இருபுறமும் உப்பளம். ஆள் நடமாட்டமே இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு ஏறியவர் வாக்குவாதம் எதுவும் செய்யவில்லை. அவர் அப்படிப் பேசாமல் இருந்ததுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். வால்வு, மாத்திரை, வாந்தி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஸ்கேனுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மூளையை ஒட்டி மெல்லிய ரத்தக்கசிவு.

"இப்ப சின்னதுதான் மேடம். இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அது சின்னதாவே இருக்கும்னு சொல்ல முடியாது. வந்தது நல்லதாப் போச்சு" என்றார். இதய டாக்டரிடம் போனில் பேசி, மாத்திரையை நிறுத்தி, அதன் வேகத்தைக் குறைக்கும் மருந்தை ஏற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கட்டில்.

படுத்ததும் என்னவர் முதல் வேலையாகக் கேட்டார்: "டாக்டர், இனிமேலாவது தூங்கலாமா?"

"தாராளமா தூங்குங்க சார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தூங்க விடலாமா டாக்டர்? ஆபத்து இல்லையா?"

"தூக்கம் ஒண்ணும் பண்ணாதும்மா. முழிச்சிருந்தா கசியுற ரத்தம் நின்னுருமா? அடிபட்ட மூளைக்கு ஓய்வு வேணும். ஆனா எழுப்புனா எழும்பணும். எழும்பி, தெளிவாப் பேசணும். அதத்தான் நாங்க பாப்போம்."

பார்த்தார்கள். நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து எழுப்பினார். பேர் என்ன, எந்த ஊரில் இருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள், காலை மடக்குங்கள். கண்ணில் டார்ச் அடித்தார். என்னவர் ஒவ்வொரு முறையும் சலித்துக்கொண்டே பதில் சொன்னார். அந்தச் சலிப்பு மாறாமல் இருக்க வேண்டுமே என்று கதவுக்கு வெளியே நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஸ்கேனில் கசிவு கூடவில்லை. ஆபரேஷன் தேவைப்படவில்லை. சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். நின்றிருந்த மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் டாக்டர்களே பார்த்துச் சொன்னார்கள்.

கிளம்பும்போது அந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டவர் தெளிவாகப் பேசி, ஒழுங்காக நடந்து, டாக்டரும் பார்த்துச் சரி என்றால், அவர் தூங்கட்டும். பக்கத்தில் ஒருவர் இருந்து, டாக்டர் சொல்கிறபடி எழுப்பிப் பார்த்தால் போதும். ஆனால் தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், பேச்சு குழறினால், கைகால் சோர்ந்தால், வலிப்பு வந்தால், மூக்கிலோ காதிலோ ரத்தமோ தண்ணீரோ கசிந்தால், எழுப்பியும் சரியாக எழும்பாவிட்டால் — யோசிக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். என்னைப்போல் நீங்களே காரை எடுக்காதீர்கள். அதற்கு டாக்டரிடம் தனியாகத் திட்டு வாங்கினேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், இதில் எதுவுமே இல்லாவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரி. நல்லாத்தானே இருக்கேன் என்று அவர் சொல்வதைப் போகும் வழியில் கேட்டுக்கொள்ளலாம்.

பிலோமியிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "நாங்க காப்பி குடுத்து ஒக்கார வச்சிருந்தோமே ளா..." என்றாள். விருந்தைவிட்டு எழுந்து போனதற்கு அவளுக்கு என்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது.

இப்போது என் கணவரைப் பார்க்க வருகிறவர்களிடம் அவரே கதை சொல்கிறார். "எனக்கு அப்பவே லேசா சந்தேகம் பாத்துக்கிடுங்க. 'ஏளா, கார எடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்'னு நாந்தான் சொன்னேன்."

நான் மறுத்துப் பேசுவதில்லை. கதையை மாற்றிச் சொல்ல மனுஷர் உயிரோடு இருக்கிறாரே!