ஜாங்கிரிக்காக ஒரு மாத்திரை

"...அதனாலதான் மச்சான், சர்க்கரை மாத்திரைய இன்னிக்கு ரெண்டா போட்டுக்கிட்டேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஜாங்கிரிக்கு" என்று சிரித்தார் என் அக்கா வீட்டுக்காரர்.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கல்யாணத்துக்கு வந்திருந்தோம். மத்தியானப் பந்தியில் இடம் பிடிக்க, சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தோம்.

"டாக்டரு சொன்னாரா மாமா?"

"அவரா வந்து ஜாங்கிரி துண்ணப் போறாரு?"

முன்னால் இருந்தவர் இன்னும் ரசத்துக்கே வரவில்லை. நாற்காலியைப் பிடித்திருந்த மாமாவின் கை நடுங்கியது. சட்டை வேர்வையில் தொப்பலாகிவிட்டது. கூப்பிட்டால் பேச்சு குழறியது. ரெண்டு மாத்திரை, வெறும் வயிறு; சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று புரிந்தது. முன்னால் இருந்தவர் கடைசியில் சாப்பிட ஒதுக்கி வைத்திருந்த ஜாங்கிரியை எடுத்து மாமாவின் வாயில் ஊட்டினேன்.

"யோவ், இன்னாய்யா இது!" என்று திரும்பியவர், மாமாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தந்தார்.

கால் மணி நேரத்தில் மாமா தெளிந்தார். அக்காவிடம் என்ன சொல்வது என்ற கலக்கத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். புது இலை போட்டு, அவருக்கு ஜாங்கிரி வைத்தார்கள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு இரண்டாகப் பிட்டு, பெரிய துண்டை என் இலையில் வைத்தார்.