இறக்கத்துக்கு இடம் விட்ட பேட்டரி

என் மின்சார ஸ்கூட்டருக்காக, செல்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து நானே செய்த முதல் லித்தியம் பேட்டரி. வெள்ளிமலை வீட்டில் முழுக்க சார்ஜ் போட்டு, கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினேன். மலை இறக்கத்தின் இரண்டாவது வளைவிலேயே வண்டி அணைந்துவிட்டது. வீடுவரை தள்ளிக்கொண்டு வந்த எரிச்சலில் பேட்டரியைப் பிரித்துப் போட்டேன். ஒரு செல்லிலும் பழுதில்லை.

சாமை புடைத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: “எறக்கத்துல பிரேக் புடிச்சா சார்ஜ் ஏறும்னு நீங்கதான சொன்னீங்க. ஏற்கெனவே ரொம்பிக் கெடந்தா எங்க ஏறும்?”

அதுதான் நடந்திருந்தது. இடமில்லாத பேட்டரி, பாதுகாப்புக்காகத் தன்னையே அணைத்துக்கொண்டிருக்கிறது. பிரித்துப் போட்டதை மறுபடி பூட்டினேன்.

இப்போதெல்லாம் சார்ஜ் முழுசாக ஏறுவதற்குள் சார்ஜரை அவளே பிடுங்கிவிடுகிறாள். அடிவாரத்தில் பார்த்தால், கிளம்பியபோது இருந்ததைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருக்கிறது.